மத்திய வங்கி பருவநிலையைப் பற்றிப் பேசினால் என் பத்திர நிதியை விற்றுவிட வேண்டுமா?

கேள்வி: வணக்கம் சார். சொந்த ஊர் தென்காசி. ஆறு வருடமாக ஃபிராங்க்பர்ட்டில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். சேமிப்பில் ஒரு பகுதி யூரோ நிறுவனக் கடன் பத்திர ஈ.டி.எஃப். (பங்குச் சந்தையில் வாங்கி விற்கும் நிதி) ஒன்றில் இருக்கிறது, இன்னொரு பகுதி பசுமைப் பெயர் வைத்த ஒரு பத்திர நிதியில். இரண்டுமே 2022-ல் பலமாக அடி வாங்கின. அப்புறம் 2025-ல் அந்தப் பசுமை நிதி தன் பெயரையே மாற்றிக்கொண்டது. ஒரு பக்கம் ஐரோப்பிய மத்திய வங்கித் தலைவர் லகார்ட் பருவநிலை மாற்றம் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறார், இன்னொரு பக்கம் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெட் அதற்கான கூட்டமைப்பை விட்டே வெளியேறிவிட்டது. இவர்கள் பேசும்போதெல்லாம் நான் பணத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டுமா? இரண்டு வருடத்தில் வீடு வாங்க இந்தப் பணம் தேவை. அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். "வட்டியைப் பார்க்க வேண்டிய வங்கிக்கு வானிலை ஆபீஸ் வேலை எதற்கு?" என்று கேட்கிறார். அவர் சொல்வது சரியா?

பதில்:

வணக்கம்மா. முதலில் அப்பாவின் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் கிடைத்தால் உங்கள் கேள்விகளில் பாதி தானாக அவிழ்ந்துவிடும்.

ஃபிராங்க்பர்ட்டிலிருந்து ரைன் நதியை ஒட்டி கோப்ளென்ஸ் பக்கம் ரயிலில் போயிருந்தால், ஆற்றுக்கு நடுவே கப்பல் மாதிரி நிற்கும் ஒரு பழைய கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஊர் கௌப். அங்கே ஒரு நீர்மட்ட அளவுகோல் இருக்கிறது. ரைனின் அந்த இடத்தில் ஆழம் குறைவு என்பதால், அந்த அளவைப் பார்த்துதான் சரக்குப் படகுக்காரர்கள் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். 2018 அக்டோபரில் அது 25 சென்டிமீட்டருக்கு இறங்கியது. ஆற்றின் முழு ஆழம் அல்ல அது, அளவுகோல் காட்டிய கணக்கு. ஆனாலும் அதற்கு முன் அங்கே அவ்வளவு குறைவாகப் பதிவானதில்லை. லுட்விக்ஸ்ஹாஃபனில் இருக்கும் பி.ஏ.எஸ்.எஃப். ரசாயன ஆலைக்கு மூலப்பொருள் பெரும்பகுதி படகில்தான் வரும். அந்த வறட்சியால் தனக்கு ஏற்பட்ட இழப்பு சுமார் 25 கோடி யூரோ என்று அந்த நிறுவனமே சொன்னது.

படகில் பாதிப் பாரம்தான் ஏற்ற முடியும் என்றால் டன்னுக்கு ஆகும் கூலி ஏறும், டீசல் விலை ஏறும், பிளாஸ்டிக்கிலிருந்து உரம் வரை ஏறும். விலைவாசியை 2 சதவீதத்தில் வைத்திருப்பதுதான் ஐரோப்பிய மத்திய வங்கியின் தலையாய வேலை. அந்த ஆலைகளுக்குக் கடன் கொடுத்த வங்கிகள் நிமிர்ந்து நிற்கின்றனவா என்று பார்ப்பதும் அதன் வேலைதான். ஆக, வானிலை இவர்கள் மேஜைக்குத் தானே வந்து உட்கார்ந்துகொண்டது, யாரும் கூப்பிடவில்லை.

அப்பாவுக்கு இன்னும் பக்கத்து உதாரணம் வேண்டுமென்றால் 2023 ஜூலையின் தக்காளியை ஞாபகப்படுத்துங்கள். அந்த மாதம் இந்தியாவில் சில்லறைப் பணவீக்கம் 7.44 சதவீதம். ரிசர்வ் வங்கி தாண்டவிடக் கூடாத மேல் எல்லை 6. வெப்பமும் முறை தவறிய மழையும் காய்கறி வரத்தைக் கெடுத்ததுதான் அதில் பெரிய பங்கு. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் ரெப்போ வட்டி 2023 பிப்ரவரியிலிருந்து 2025 பிப்ரவரி வரை 6.5 சதவீதத்திலேயே நின்றதற்குத் தக்காளி மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இரண்டு வருடமும் கவர்னரின் அறிக்கையில் உணவு விலை திரும்பத் திரும்ப வந்தது. அப்பாவின் வைப்புநிதிக்கு நல்ல வட்டி வந்துகொண்டிருந்த காலம் அது. வானிலைக்கும் அவருடைய பாஸ்புக்குக்கும் சம்பந்தம் உண்டு.

ஆனால் அப்பா சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் மறுக்கக் கூடாது. மழையை வரவழைக்க மத்திய வங்கியால் முடியாது. நிலக்கரிக்கு வரி போடுவது, எந்த ஆலையை மூடுவது என்பதெல்லாம் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள் முடிவு செய்ய வேண்டியவை. இந்த எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்பதில்தான் மத்திய வங்கியாளர்களுக்குள்ளேயே பத்து வருடமாக வாக்குவாதம் நடக்கிறது.

2015 செப்டம்பர் 29 அன்று, அப்போது இங்கிலாந்து வங்கியின் கவர்னராக இருந்த மார்க் கார்னி லண்டனில் லாய்ட்ஸ் காப்பீட்டுச் சந்தையின் விருந்தில் ஓர் உரை நிகழ்த்தினார். பருவநிலை மாற்றத்தின் முழு அடியும் விழும்போது இன்று முடிவெடுப்பவர்கள் யாரும் பதவியில் இருக்க மாட்டார்கள், வணிகச் சுழற்சி, அரசியல் சுழற்சி, மத்திய வங்கிகளின் பார்வை தூரம் எல்லாமே அதைவிடச் சின்னது என்பதுதான் அதன் சாரம். வெள்ளம், புயல் மாதிரி நேரடிச் சேதம் ஒன்று; சேதப்பட்டவர்கள் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடுவது இன்னொன்று; எண்ணெயை விட்டு உலகம் வேறு ஆற்றலுக்குத் திடீரென்று மாறினால் பழைய சொத்துகளின் மதிப்பு சரிவது மூன்றாவது. நிதிச் சந்தை பயப்பட வேண்டிய மூன்று வழிகள் என்று அவர் பிரித்துக் காட்டியதைத்தான் இன்றுவரை பல மத்திய வங்கிகளும் ஏதோ ஒரு வகையில் பயன்படுத்துகின்றன. இரண்டு வருடம் கழித்து, 2017 டிசம்பரில் பாரிஸில் எட்டு மத்திய வங்கிகளும் மேற்பார்வை அமைப்புகளும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பைத் தொடங்கின. சுருக்கமாக என்.ஜி.எஃப்.எஸ். நீங்கள் எழுதியிருப்பது இதைத்தான். ஃபெட் 2020 டிசம்பரில் சேர்ந்தது, நம் ரிசர்வ் வங்கி 2021 ஏப்ரலில்.

சரி, இந்தப் பேச்சு சந்தையை எப்படி அசைக்கிறது?

நான் மும்பையில் ஒரு வங்கியின் டிரஷரியிலும் அப்புறம் லண்டனில் யூரோ நிறுவனப் பத்திரங்களிலும் டீலராக இருந்தவன். மத்திய வங்கி அறிக்கை வரும் நாளில் டீலிங் ரூமில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். போன கூட்டத்தின் அறிக்கையை இடது பக்கமும் புதியதை வலது பக்கமும் வைத்துக்கொண்டு எந்த வார்த்தை போயிருக்கிறது, எது புதிதாக வந்திருக்கிறது என்று மட்டும் பார்ப்போம். "பார்க்கிறோம்" என்பது "பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று மாறியிருந்தால்கூட யாராவது உரக்கப் படிப்பார்கள். பருவநிலை பற்றிய வாக்கியம் வரும்போது எங்கள் டெஸ்க்கின் மூத்தவர் ஒருவர் எப்போதும் ஒரே கேள்விதான் கேட்பார்: "இதில் அவர்கள் கையால் செய்யப்போவது என்ன?" அதாவது எந்தப் பத்திரத்தை வாங்குவார்கள், எதை விற்பார்கள், வங்கிகள் கடன் வாங்க வரும்போது எதை அடமானமாக ஏற்பார்கள், எவ்வளவு மதிப்புக் குறைத்து ஏற்பார்கள். இது எதுவும் அந்த வாக்கியத்தில் இல்லையென்றால் விலை அசையாது. கவலை, பொறுப்பு, உறுதி என்று எத்தனை வார்த்தை இருந்தாலும் சரி.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2021 ஜூலை 8 அன்று ஐரோப்பிய மத்திய வங்கி தன் கொள்கை மறுஆய்வோடு ஒரு பருவநிலைச் செயல்திட்டத்தையும் வெளியிட்டது. நான் அதைப் படித்துவிட்டு, நிலக்கரி அதிகம் எரிக்கும் ஒரு மின் நிறுவனத்தின் பத்திரங்களைக் குறைத்துவிடலாம் என்று வாடிக்கையாளர் ஒருவருக்குச் சொன்னேன். விற்றோம். மாதக்கணக்கில் அந்தப் பத்திரத்தின் ஸ்ப்ரெட், அதாவது ஜெர்மன் அரசுப் பத்திரத்தைவிட அது எவ்வளவு கூடுதல் வட்டி தருகிறது என்பது, பெரிதாக மாறவே இல்லை. வாடிக்கையாளருக்கு வர வேண்டிய வட்டியும் போயிற்று, விற்று வாங்கியதில் இடைத்தரகும் போயிற்று. அந்தத் திட்டத்தில் இருந்தது ஒரு கால அட்டவணை, வாங்கும் விதியில் மாற்றம் இன்னும் வரவில்லை. அறிவிப்புக்கும் செயலுக்கும் நடுவே இருந்த அந்த இடைவெளியை நான் படிக்கத் தவறினேன்.

இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள். ஐரோப்பிய மத்திய வங்கி 2016 ஜூனிலிருந்து நிறுவனப் பத்திரங்களை வாங்கிக்கொண்டிருந்தது. எந்த நிறுவனத்துக்கும் சலுகை காட்டக் கூடாது என்பதற்காக, சந்தையில் யார் எவ்வளவு பத்திரம் வெளியிட்டிருக்கிறார்களோ அதே விகிதத்தில் வாங்குவது என்று விதி. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் பத்திரம் அதிகம் வெளியிடுவது யார்? மின்சாரம், எண்ணெய், கார், சிமென்ட் மாதிரி பெரிய முதலீடு தேவைப்படும் தொழில்கள். அதாவது புகை அதிகம் விடுபவர்கள். நடுநிலை என்ற பெயரில் மத்திய வங்கியின் பை புகைக் கம்பெனிகள் பக்கம் சாய்ந்துவிட்டது. இதை மாற்றுகிறோம் என்று 2022 ஜூலை 4 அன்று விவரம் சொன்னார்கள், அக்டோபரிலிருந்து நடைமுறை. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் மூன்று விஷயத்தில் மதிப்பெண்: இதுவரை விட்ட கார்பன், இனி குறைப்பதாகச் சொல்லும் இலக்கு, கணக்கை எவ்வளவு ஒழுங்காக வெளியிடுகிறார்கள். மதிப்பெண் நன்றாக இருந்தால் அதிகம் வாங்குவோம், மோசமாக இருந்தால் குறைவாக, நீண்ட காலப் பத்திரத்தைத் தொட மாட்டோம் என்றார்கள்.

இதுதான் கையால் செய்வது. எங்கள் டெஸ்க்கில் அன்றைக்கு உண்மையிலேயே வேலை நடந்தது. எந்த நிறுவனத்துக்கு என்ன மதிப்பெண் என்பதை அவர்கள் வெளியிட மாட்டார்கள் என்பதால், நாங்களே ஆண்டறிக்கைகளை எடுத்துவைத்து, மூன்று தலைப்பிலும் உத்தேசமாக மதிப்பெண் போட்டு ஒரு பட்டியல் தயாரித்தோம். ஒரே துறையில் இருக்கும் இரண்டு நிறுவனங்களில் ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாறச் சொல்லி அந்த வாரம் கேட்டவர்கள் பலர்.

ஆனால் அந்தக் கருவியின் ஆயுள் ஒன்பது மாதம்தான். பணவீக்கத்தை அடக்க ஐரோப்பிய மத்திய வங்கி பத்திரம் வாங்குவதையே குறைத்துக்கொண்டு வந்தது. 2023 ஜூலையோடு அந்தத் திட்டத்தில் மறுமுதலீட்டையும் நிறுத்திவிட்டது. வாங்குவதே இல்லை என்றால் எதைச் சாய்ப்பது? கையில் 34,000 கோடி யூரோவுக்கும் மேல் நிறுவனப் பத்திரம் இருந்தது. அந்தக் கையிருப்பையே மாற்றியமைக்கலாம் என்று அதன் நிர்வாகக் குழு உறுப்பினர் இசபெல் ஷ்னாபெல் யோசனை சொன்னார். அது நடக்கவில்லை.

ஷ்னாபெல் அதைச் சொன்ன நாள் முக்கியம். 2023 ஜனவரி 10, ஸ்டாக்ஹோம், ஸ்வீடன் மத்திய வங்கி நடத்திய கருத்தரங்கம். அதே நாள், அதே கருத்தரங்கில் ஃபெட் தலைவர் ஜெரோம் பவலும் பேசினார். நாங்கள் பருவநிலைக் கொள்கை வகுப்பவர்கள் அல்ல, இனியும் அப்படி ஆக மாட்டோம் என்று வெளிப்படையாகச் சொன்னார். வங்கிகள் தங்கள் பருவநிலை ஆபத்தைப் புரிந்துவைத்திருக்கின்றனவா என்று பார்ப்பது மட்டும் எங்கள் வேலை, அது குறுகியது, ஆனால் முக்கியமானது என்பது அவர் நிலை. உங்கள் அப்பாவின் கட்சி கிட்டத்தட்ட இதுதான். ஃபெட் 2025 ஜனவரி 17 அன்று கூட்டமைப்பிலிருந்து விலகியபோது, இரண்டு வருடத்துக்கு முன் வாயால் போட்ட கோட்டுக்குப் பின்னால் காலையும் எடுத்துவைத்தது. அதற்குள் வாஷிங்டனில் அரசியல் காற்றும் திரும்பியிருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. விலகியது வருத்தமான செய்திதான், எனக்கும் வருத்தம்தான். ஆனால் உங்கள் யூரோ பத்திரங்களின் விலையில் அதைத் தேடாதீர்கள். அந்தக் கூட்டமைப்பில் இருந்த காலத்திலும் ஃபெட் எந்தப் பத்திரத்தையும் புகையைப் பார்த்து வாங்கியதில்லை.

இதற்கு நேர்மாறான சின்ன உதாரணம் ஸ்வீடன். அந்நியச் செலாவணிக் கையிருப்பில் இருந்த கனடாவின் ஆல்பெர்ட்டா மாகாணப் பத்திரங்களையும், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து, மேற்கு ஆஸ்திரேலியா மாநிலப் பத்திரங்களையும், கார்பன் அதிகம் விடும் இடங்கள் என்பதால் விற்றுவிட்டதாக 2019 நவம்பரில் அதன் துணை கவர்னர் மார்ட்டின் ஃப்ளோடென் ஓர் உரையில் சொன்னார். உலகப் பத்திரச் சந்தையின் அளவுக்கு அது ஒரு கைப்பிடி. ஆனால் பருவநிலையைக் காரணம் காட்டி ஒரு மத்திய வங்கி ஒரு மாகாண அரசுக்கே 'வேண்டாம்' என்றது. இப்படி வந்தால் படியுங்கள்.

இப்போது உங்கள் 2022 நஷ்டத்துக்கு வருகிறேன். அது பருவநிலைப் பேச்சால் வந்தது அல்ல. முதலீட்டுத் தரமுள்ள யூரோ நிறுவனப் பத்திரங்கள் மொத்தமும் அந்த வருடம் சுமார் 14 சதவீதம் விழுந்தன. காரணம் வட்டி. 2022 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பருக்குள் ஐரோப்பிய மத்திய வங்கி பத்துத் தடவை தொடர்ந்து உயர்த்தி, மைனஸ் 0.5-ல் இருந்த வட்டியை 4 சதவீதத்துக்குக் கொண்டுபோனது. முதல் உயர்வுக்கு முன்பே சந்தை அதை விலையில் ஏற்றிக்கொள்ளத் தொடங்கிவிட்டது. உங்கள் நிதியின் ஃபேக்ட்ஷீட்டில், அதாவது விவரத்தாளில், டியூரேஷன் என்று ஓர் எண் இருக்கும், எடுத்துப் பாருங்கள். அது 5 என்றால், வட்டி 1 சதவீதம் ஏறினால் நிதியின் மதிப்பு ஏறக்குறைய 5 சதவீதம் இறங்கும். 10,000 யூரோவுக்கு 500 யூரோ.

பசுமை என்பதால் ஒரு பத்திரத்துக்குக் கிடைக்கும் சலுகையை இதோடு வைத்துப் பாருங்கள். இந்திய அரசு முதன்முதலாகப் பசுமைப் பத்திரம் ஏலம் விட்டது 2023 ஜனவரி 25-ல். ஐந்து வருடத்துக்கு 7.10 சதவீதம், பத்து வருடத்துக்கு 7.29. அதே கால அளவுள்ள சாதாரண அரசுப் பத்திரத்தைவிட ஐந்தாறு பேசிஸ் பாயின்ட்தான் குறைவு, அதாவது 0.05, 0.06 சதவீதம். சந்தையில் இதை கிரீனியம் என்பார்கள். டியூரேஷன் 5 உள்ள நிதியில் ஐந்து பேசிஸ் பாயின்ட் மாறினால் 10,000 யூரோவுக்கு 25 யூரோ. ஒரு பக்கம் 500, இன்னொரு பக்கம் 25. நீங்கள் 25-ஐ மட்டும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், அடித்தது 500.

எனக்கு இந்த விஷயத்தில் மனதை உறுத்துவது ஒன்று உண்டு. வட்டி ஏறும்போது பசுமைத் தொழில்தான் அதிகம் அடி வாங்குகிறது. ஊரில் கிணற்றுக்கு டீசல் பம்பு போடுவதையும் சோலார் பம்பு போடுவதையும் நினைத்துப் பாருங்கள். டீசல் பம்புக்கு முதலில் கொஞ்சம் பணம், அப்புறம் மாதாமாதம் டீசல் செலவு. சோலார் என்றால் மொத்தப் பணமும் முதல் நாளே இறங்கிவிடும், பிறகு வெயில் இலவசம். முதல் நாளே கடன் வாங்க வேண்டியிருப்பவனுக்குத்தானே வட்டி ஏறினால் வலிக்கும்? கடலில் காற்றாலை போடுவதும் அப்படித்தான். டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் நிறுவனத்தின் பங்கு 2023 ஆகஸ்ட் 30 அன்று ஒரே நாளில் நான்கில் ஒரு பங்கு விழுந்தது. அமெரிக்கக் கடற்கரைத் திட்டங்களில் பெரிய நஷ்டத்தை எழுத வேண்டிவரும் என்று அவர்கள் சொன்னதுதான் காரணம். உதிரிபாகங்கள் வரத் தாமதம், வரிச் சலுகையில் சிக்கல், ஏறிய வட்டி என்று மூன்றையும் அவர்களே குறிப்பிட்டார்கள். நவம்பர் தொடக்கத்தில் நியூ ஜெர்சியின் இரண்டு திட்டங்களையும் கைவிட்டார்கள். மத்திய வங்கி ஒரு வார்த்தைகூடப் பருவநிலை பற்றிச் சொல்லாத நாளில் வட்டியை அரை சதவீதம் உயர்த்தினால், அது காற்றாலைக்குச் செய்யும் கெடுதல் பத்து நல்ல உரைகள் செய்யும் நன்மையைவிடப் பெரிது என்பது என் கருத்து. ஷ்னாபெலும் ஸ்டாக்ஹோமில் இந்த முரணை மறைக்காமல் பேசினார். பணவீக்கத்தை அடக்காமல் விட்டாலும் பசுமை முதலீட்டுக்கு நல்லதல்ல என்பது அவர் வாதம். அதில் உண்மை இருக்கிறது. ஆனாலும் சீனாவும் ஜப்பானும் 2021-லேயே பசுமைக் கடன் கொடுக்கும் வங்கிகளுக்கு மலிவாகப் பணம் தரும் தனித் திட்டம் வைத்தன, சீனாவில் 1.75 சதவீதம், ஜப்பானில் பூஜ்யம். ஐரோப்பா அந்த வழியில் போகவில்லை. போயிருக்கலாம் என்று நினைக்கிறேன்.

இன்னொரு எச்சரிக்கை. மத்திய வங்கியாளர்கள் உரையில் வரும் பெரிய எண்களை அப்படியே நம்பி முடிவெடுக்காதீர்கள். 2024-ல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வந்தது, பருவநிலை மாற்றத்தால் நூற்றாண்டின் நடுவில் உலக வருமானம் 19 சதவீதம் குறையும் என்று. என்.ஜி.எஃப்.எஸ். அந்தக் கணக்கு முறையை எடுத்து 2024 நவம்பரில் வெளியிட்ட தன் சூழல் கணிப்புகளில் பயன்படுத்தியது. வங்கிகள் அதை வைத்துத் தங்கள் கடன்களைச் சோதித்துப் பார்த்தன. பிறகு உஸ்பெகிஸ்தானின் 1990-களின் பொருளாதாரத் தரவில் இருந்த பிழை முடிவைக் கணிசமாக மாற்றியிருப்பது தெரியவந்தது. 2025 டிசம்பரில் அந்த ஆய்வுக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. பருவநிலை ஆபத்து பொய் என்று இதற்கு அர்த்தமில்லை, கௌப்பின் அளவுகோல் யாருடைய கணக்கையும் கேட்டு இறங்குவதில்லை. ஆனால் ஒரு நாட்டின் தவறான தரவு இத்தனை மத்திய வங்கிகளின் கணக்குக்குள் புகுந்துவிட்டது. இந்த வேலையை மனதார ஆதரிப்பவர்கள்தான் இதை உரக்கச் சொல்ல வேண்டும்.

உங்கள் பசுமை நிதி பெயர் மாறியதற்கும் மத்திய வங்கிக்கும் சம்பந்தமே இல்லை. ஐரோப்பியப் பத்திரச் சந்தை ஆணையமான எஸ்மா ஒரு விதி கொண்டுவந்தது. பெயரில் பசுமை, நிலைத்தன்மை மாதிரி வார்த்தை வைத்தால் குறைந்தது 80 சதவீத முதலீடு அதற்கேற்ப இருக்க வேண்டும், எண்ணெய், நிலக்கரி போன்ற சிலவற்றைத் தவிர்க்க வேண்டும். ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த நிதிகளுக்கு 2025 மே 21 கெடு. ஒத்துவராத நிதிகள் பெயரை மாற்றிக்கொண்டன. உங்கள் நிதி ஏன் மாற்றியது என்பதற்கு அவர்கள் அனுப்பிய கடிதத்தைத் தேடிப் படியுங்கள். பத்திரங்கள் அதேதான், பெயர் மட்டும் போயிற்று என்றால், இத்தனை நாள் நீங்கள் நினைத்தது அதில் இருக்கவில்லை என்று அர்த்தம். உங்களுக்கு அது முக்கியமென்றால் மாறுங்கள். முக்கியம்தான் என்று உங்கள் கடிதத்தின் தொனியில் தெரிகிறது. அதை லாபத்துக்காகச் செய்ய வேண்டாம், உங்கள் மனதுக்காகச் செய்யுங்கள். அது நல்ல காரணம்தான்.

இனி எந்தப் பேச்சைக் கவனிக்கலாம் என்றால், ஒன்றைச் சொல்வேன். 2025 ஜூலை 29 அன்று ஐரோப்பிய மத்திய வங்கி ஓர் அறிவிப்பு செய்தது. வங்கிகள் அதனிடம் கடன் வாங்க அடமானமாக வைக்கும் நிறுவனப் பத்திரங்களுக்குப் பருவநிலை ஆபத்தைப் பொறுத்து மதிப்பைக் குறைத்து ஏற்போம், 2026-ன் இரண்டாம் பாதியில் இது நடைமுறைக்கு வரும் என்று. நகைக்கடையில் அடகு வைக்கும்போது சேதாரம் கழிப்பது மாதிரி. செய்தித்தாளில் இது மூலையில் வந்திருக்கும். ஆனால் இதில் கை இருக்கிறது. பத்திரம் வாங்கும் திட்டம் நின்றால் முடிந்துவிடும், அடமான விதி வங்கி இருக்கும்வரை இருக்கும். எந்தப் பத்திரத்துக்குக் கழிவு அதிகமோ, அதை வைத்திருக்க வங்கிகள் கொஞ்சம் கூடுதல் வட்டி கேட்கும். ஒரே நாளில் எதுவும் நடக்காது. இரண்டு மூன்று வருடத்தில் ஸ்ப்ரெட்டில் மெல்ல ஊறும் விஷயம் இது.

அப்பா இங்கே பசுமை வைப்புநிதி போடலாமா என்று கேட்டால், 2023 ஜூன் 1 முதல் அதற்கு ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது, பணத்தை எதற்குப் பயன்படுத்தினோம் என்று வங்கி கணக்குச் சொல்ல வேண்டும். காப்பீடு மற்ற டெபாசிட்டுக்கு உள்ள அதே 5 லட்சம்தான். பசுமை என்பதற்காகக் கூடுதல் வட்டி தர வேண்டும் என்று விதி எதுவும் இல்லை, அதனால் பக்கத்து வங்கியின் வட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்துப் போடச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டுப் பணம்தான் இதில் அவசரமானது. இரண்டு வருடத்தில் தேவைப்படும் பணம் டியூரேஷன் 5 உள்ள நிதியில் இருக்கக் கூடாது, லகார்ட் என்ன பேசினாலும், பேசாவிட்டாலும். வீட்டுக்கு முன்பணமாக எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டு, அந்தத் தொகையை மட்டும் வெளியே எடுங்கள். ஒரு பகுதியை டாகெஸ்கெல்டிலும் (எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய சேமிப்புக் கணக்கு) மீதியை வீடு வாங்கும் தேதிக்கு முன் முதிர்கிற மாதிரி ஃபெஸ்ட்கெல்டிலும் (நிலையான கால வைப்பு) போட்டுவிடுங்கள். ஒரே வங்கியில் ஒரு லட்சம் யூரோ வரை உத்தரவாதம் உண்டு. நஷ்டத்தில் விற்க நேர்ந்தால் மனம் கசக்கும், தெரியும். அந்த நஷ்டத்தை உங்கள் டெப்போ வங்கி, அதாவது உங்கள் நிதிகளைக் கணக்கில் வைத்திருக்கும் வங்கி, குறித்துவைத்து, பின்னால் வரும் லாபத்தில் வரிக்குக் கழித்துக்கொள்ளும். மீதிப் பணம் பத்து வருடத்துக்குத் தேவையில்லை என்றால் அது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். இந்த வாரக் கடைசியில் இரண்டு ஃபேக்ட்ஷீட்டையும் எடுத்து டியூரேஷன் எண்ணையும் முதல் பத்து நிறுவனங்களின் பெயரையும் குறித்து எனக்கு அனுப்புங்கள், எவ்வளவு எடுக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.